இருபத்தெட்டில் ஒரு பங்கு

மார்ச் கடைசி வாரம்.
பேரூராட்சி அலுவலகத்து மின்விசிறி
மூன்றில் வைத்தால் மட்டும் சுற்றும்.
வரவு செலவுத் திட்டத்தில்
உபரி நாலாயிரத்து இருநூறு என்று
நேற்று நான்தான் தட்டச்சு செய்தேன்.
பொய் இல்லை.
வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டால்
அது உண்மை.

வரவேண்டியது எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
மூன்றாம் வார்டில்
ஒரு தெருவில் முகப்பும்
அடுத்த தெருவில் பின்கட்டுமாகப்
பூட்டிக்கிடக்கும் கதவு எண் நாற்பத்தொன்று.
அரையாண்டு வரி எட்டாயிரத்து எழுநூற்று எட்டு.
பதினோரு அரையாண்டு பாக்கி.
பில் கலெக்டர் சேவுகன்
பழைய கேட்புச் சீட்டின் மேல்
புதிய சீட்டை ஒட்டிவிட்டு வருவார்.
ஒருநாள் கதவைவிடத் தடிமனாகிவிடும் என்பார்.

பங்காளிகள் இருபத்தெட்டுப் பேர்.
ஒருவர் அடையாறில், நாலு பேர் ஈப்போவில்.
ஒருவர் எங்கே என்று
மற்ற இருபத்தேழு பேருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம்.
பொருள் எண் ஏழு:
ஊருணியின் வடகரையில் இருபது சென்ட்,
கல்யாணப் பேருந்துகள் நிற்க.
பெரிய வீடுகள் இப்போது நாள் வாடகைக்கு.
பேருந்துக்கு முந்நூறு,
முகூர்த்தத்துக்கு ஐந்து பேருந்து,
வருஷத்துக்கு நாற்பது முகூர்த்தம்.
தெருவிளக்குப் பாக்கி தீர்ந்துவிடும் என்றார் தலைவர்.
யாரும் மறுக்கவில்லை.
ஒவ்வொருவர் வார்டிலும்
எரியாத கம்பம் உண்டு.

ஒன்பதாவது வார்டு நூர்நிஷா மட்டும் கேட்டார்:
மழைத்தண்ணி?
பொறியாளர் வரைபடத்தை விரித்தார்.
அதில் தண்ணீர் நீல அம்புக்குறியாக இருந்தது,
சொன்ன பக்கம் போனது.
"எங்க தெருவுல அம்பு போட்டு வராதுங்க.
நேரா வந்து
கட்டிலுக்கு அடியில படுத்துக்கும்."

அ-பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.
யாரும் கேட்கவில்லை. என் வேலையும் இல்லை.
புல எண், பரப்பு,
குறிப்புப் பத்தியில் ஒரே சொல்: ஊருணி.

ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதச் சொன்னார்கள்.
எங்கள் அலுவலகத்தில் அது
இல்லை என்பதன் மரியாதை வடிவம்.
சில சமயம், ஆம் என்பதன்.

நாலரைக்கு ஒருவர் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
நாற்பத்தொன்று என்றார்.
பெயர் வயிரவன்.
தேவகோட்டையில் மோட்டார் உதிரிபாகக் கடை.
"ஒரு அரையாண்டுக்கு
என் பங்கை மட்டும் கட்டிக்கிறேன்."
முந்நூற்றுப் பதினொரு ரூபாய்,
சில்லறை சரியாக.

கணினி ஏற்கவில்லை.
முழுத்தொகை, அல்லது ஒன்றுமில்லை.
பங்கு என்று அதில் ஒரு கட்டம் கிடையாது.
செயல் அலுவலர் சிரித்தார்:
தணிக்கையில் கேட்பான், இது யார் பணம் என்று.
வயிரவன் நகரவில்லை.
"பூட்டுனது எல்லாரும் சேர்ந்துதான் சார்.
போன மாசம் ராத்திரி வீட்டப் பாக்க வந்து
விளக்கில்லாத தெருவுல விழுந்தது
நான் தனியா."
முழங்கையைக் காட்டினார்.

வைப்புத்தொகை, இதர இனம் என்று எழுதி
கையால் ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
தணிக்கைத் தடை வரும். பதில் எழுதுவேன்.
பதில் எழுதி எழுதித்தான்
என் கையெழுத்து திருந்தியது.

பம்ப் ஆபரேட்டர் அடைக்கலம் வாசலில் நின்றார்.
இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்கவில்லை.
மேல்நிலைத் தொட்டி நிரம்பிவிட்டது
என்று சொல்லத்தான் வந்தாராம்.
தினமும் அதைச் சொல்லத்தான் வருகிறார்.

உபரிப் பத்தியைத் திரும்பத் திறந்தேன்.
நாலாயிரத்து இருநூறு.
அதில் கையால் தொட முடிந்தது
முந்நூற்றுப் பதினொன்று.

பசை டப்பாவோடு கிளம்பிய சேவுகன்
இந்தத் தடவை
இருபத்தேழு பேருக்கு என்று எழுதித் தரச் சொன்னார்.
விளையாட்டுக்குத்தான்.
நான் எழுதிக்கொடுத்துவிட்டேன்.